ஏழாம் எண் கொட்டகை

திருப்பூர் கலெக்டர் ஆபீஸ் மாடி, ஏசி அறை,
மாவட்டக் காலநிலைத் திட்டக் கூட்டம்.
சென்னையிலிருந்து வந்தவர் திரையைச் சொடுக்குகிறார்.
பதினாலாவது படத்தில் அலை அடிக்கிறது.
‘கடல் மட்டம் உயர்வதால்
நம் மாவட்டம் சந்திக்கும் ஆபத்துகள்.’

முத்தணம்பாளையத்துக்காரர் ஒருவர் எழுந்தார்.
‘ஏனுங் அம்மிணி,
எங்கூருக்குக் கடல் எப்பங்க வருதுன்னு
தேதி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?’
அறையே குலுங்கியது.
தாசில்தார் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
வேறொரு ஊருக்குச் செய்தது, மன்னிக்கணும்,
பேரை மாத்தினோம்,
கடலை எடுக்க மறந்துட்டோம் என்று
அவருக்கும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை.
எங்களிடம் உப்பு இருக்கிறது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஆய்வகம், ராத்திரி ஷிப்ட்.
முப்பத்தோரு சாயப்பட்டறைத் தண்ணீர்
ஒரே குழாயில் வந்து விழும்.
திங்கட்கிழமை கருநீலம்.
நேற்று, பேர் தெரியாத ஏதோவொரு கால்பந்து அணியின் சிவப்பு.
வடித்து, பிழிந்து, காய்ச்சி
தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பிவிடுவோம்.
நொய்யலுக்கு ஒரு சொட்டு போகாது, அது சத்தியம்.
அடியில் தங்குவது உப்பு.
பழுப்பாக, பிசுபிசுவென்று,
நாய் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும் உப்பு.
மூட்டை கட்டி, எண் போட்டு, அடுக்கி
ஏழாவது கொட்டகையும் போன ஆடியில் நிறைந்தது.
வாங்க ஆளில்லை. புதைக்க நிலமில்லை.
காத்து மழை வந்தால்
தார்ப்பாயைப் பிடிக்க எட்டுப் பேர் வேணும்.

காய்ச்ச விறகு, நாளைக்குப் பதினோரு டன்.
‘ஆத்தைக் காப்பாத்த ஆகாசத்தக் கொளுத்தறோம் கண்ணு’
என்பார் பாய்லர் செங்காளி.
சொல்லிவிட்டு இன்னொரு வேலிக்கருவை முண்டைத் தள்ளுவார்.
ஜெர்மன்காரன் அனுப்பும் படிவத்தில்
தண்ணீருக்கு ஒரு கட்டம், புகைக்கு ஒரு கட்டம்.
முதலாவதில் நாங்கள் பச்சை,
அடுத்ததில் சிவப்பு.
பனியன் என்னவோ ஒன்றுதான்.

மைக் என்னிடம் வரப் பத்து நிமிஷம் ஆனது.
‘அந்தப் படத்த எடுக்காதீங்க மேடம்.
ஏழு கொட்டகை உப்பு வெச்சிருக்கறோம்.
கடல் வரைக்கும் குழாய் போட்டு அனுப்பீரலாம்னு
ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்குதுங்க.
அதுக்கு உங்க திட்டத்துல என்ன எழுதியிருக்கு?’

அவர் சுட்டியைக் கீழே வைத்தார்.
‘எங்க வீடு காசிமேட்டுல.
எல்லாரும் அங்கதாங்க அனுப்புறாங்க.’

யாரும் செருமவில்லை.
ஏசி மட்டும் ஓடியது.
குறிப்பெழுதுகிறவர் எட்டிப் பார்த்தேன்,
‘உப்பு: அடுத்த கூட்டத்தில்’ என்று எழுதியிருந்தார்.

பொழுதோடு, கூட்டம் கலைந்த பிறகு,
பஸ் ஒன்பதரைக்குத்தான், பார்க்கலாமா என்றார்.
ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து
வழியெல்லாம் பேசவில்லை.
ஏழாம் எண்ணில் ஒரு மூட்டையைத் தொட்டு
விரலை மோந்தார்.
‘கடல் வாசனையே இல்லையே.’
‘இல்லீங்க. இது துணி.’

கேட்டில் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள்
கிழக்கே மின்னல், அப்புறம் காத்து.
தகரம் படபடத்தது.
செங்காளி கத்தினார்.
ஒடிசாப் பையன்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள்,
வாட்ச்மேன், நான்.
ஏழு பேர்தான்.
தென்கிழக்கு மூலை மட்டும் எழும்பி எழும்பி அடித்தது,
பாய்மரம் மாதிரி என்று அவர்தான் சொன்னார்,
எனக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியாது.
செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.
வலை இழுத்த கை.

பஸ் போய்விட்டது.

பதினொன்றே காலுக்குக் குறிப்பேட்டில் எழுதினேன்:
மழை, நாற்பது நிமிடம்.
கொட்டகை 7, கசிவு கொஞ்சம்.
ஆட்கள் எட்டு.
ஒருவர் வெளியூர்.